காலையில் மடங்காத முழங்கால்

முழங்கால் மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. சைனோவியல் சவ்வு என்று அதற்குப் பெயர். ஒன்றிரண்டு செல் அடுக்குகள்தான் அதன் கனம். மூட்டுக்கு வேண்டிய வழவழப்பான நீரைச் சுரப்பதும், ரத்தக் குழாயே இல்லாத குருத்தெலும்புக்கு அந்த நீர் வழியாக ஊட்டம் கொடுப்பதும் அதன் வேலை. முடக்குவாதம் இந்தச் சவ்வில்தான் தொடங்குகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், சொந்த மூட்டின் சவ்வையே அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் சுரக்கின்றன. சவ்வு தடித்து, புது ரத்தக் குழாய்கள் முளைத்து, சதை போல வளர்ந்து குருத்தெலும்பின் மேல் படர்கிறது. படர்ந்த இடத்தை அரிக்கிறது. எலும்பின் விளிம்பையும் குடைகிறது.

உடம்பிலேயே பெரிய சைனோவியல் சவ்வு முழங்காலில் உள்ளதுதான். முட்டிச் சில்லுக்கு மேலே, தொடைத் தசைக்கு அடியில் சில விரற்கடை உயரத்துக்கு அதன் பை நீள்கிறது. அழற்சி வந்தால் நீர் முதலில் சேர்வது அங்கேதான். சில்லின் இரு பக்கமும் இருக்கும் குழிவு மறைந்து, முட்டி உருண்டு திரண்டு தெரியும். மருத்துவர் ஒரு கையால் சில்லுக்கு மேலே அழுத்தி நீரைக் கீழே தள்ளி, மறு கையின் விரலால் சில்லைத் தட்டிப் பார்ப்பார். நீர் மிதமாகச் சேர்ந்திருந்தால் சில்லு அமிழ்ந்து எலும்பில் இடித்து மேலே வரும். ஸ்கேன் எதுவும் இல்லாமலே முழங்காலுக்குள் நீர் இருப்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் சோதனை இது. தொட்டுப் பார்க்காமல் படம் எடுக்க மட்டும் எழுதிக் கொடுக்கும் இடத்தில் இந்த ஒரு நிமிடம் தவறிப்போகிறது.

நோய் ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவின் சில வகைகளைக் கொண்டு பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பீடி, சிகரெட் புகை அந்த வாய்ப்பை இன்னும் ஏற்றிவிடும். ஈறு நோய்க்கும் இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. ஈரத்தில் நின்றதாலோ, கிழங்கு தின்றதாலோ, பிள்ளை பெற்றபின் பத்தியம் தவறியதாலோ இது வருவதில்லை. பேறுகாலத்துக்குப் பிந்தைய மாதங்களில் நோய் தலைகாட்டுவது உண்மையிலேயே அதிகம்தான். ஆனால் அதற்குக் காரணம் உடலுக்குள் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையும் மாற்றம். இளம் தாயின் மேல் பழி போட அதில் ஒன்றுமில்லை.

1990களின் தொடக்கத்தில் டெல்லியை ஒட்டிய கிராமங்களில் எடுத்த கணக்கு ஒன்று, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் ஏழெட்டுப் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்; பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடக்கம். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் அந்த வயதுப் பெண்தான் வீட்டின் உழைப்பைச் சுமப்பவள். பருத்திக் காட்டிலும் குதிரைவாலிக் காட்டிலும் களையெடுப்பது, மிளகாய்ப் பழம் பறிப்பது, விடிவதற்கு முன் மல்லிகை எடுப்பது, நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரைக்கு மண் சுமப்பது எல்லாம் குத்தவைத்தும் குனிந்தும் செய்கிற வேலை. அருப்புக்கோட்டைப் பக்கம் தறிவேலை. அப்படி உழைத்த உடம்பில் முட்டி வலித்தால், “தேய்மானம்தான் தாயி, வேலை செஞ்ச உடம்புல்ல” என்று அக்கம்பக்கத்தில் சொல்வது இயல்பு. அந்தச் சொல்லை நம்பி ஓராண்டு, ஈராண்டு தைலமும் வலி மாத்திரையுமாகக் கழிந்துபோவதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய இழப்பு. சவ்வு எலும்பைக் குடையத் தொடங்குவது பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே. குடைந்த எலும்பு மறுபடி பழைய வடிவுக்கு வருவதில்லை.

தேய்மானத்தையும் முடக்குவாதத்தையும் பிரித்தறிய நோயாளி சொல்லும் வரலாறே பாதி போதும். தேய்மானத்தில் வலி, நடக்க நடக்க, வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் ஆறும். காலையில் எழுந்தால் இறுக்கம் இருக்கும், அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஓய்வு எடுத்த பிறகுதான் வலி மோசம். விடிகாலையில் முட்டியை மடக்க முடியாது, விரலை மூட முடியாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வாசல் தெளிக்கிற வாளியைத் தூக்க முடியவில்லை, தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை, பத்து மணிக்கு மேல்தான் கை கால் நம்முடையதாகிறது என்று ஒரு பெண் சொன்னால் அது தேய்மானத்தின் பேச்சு அல்ல. தேய்ந்த முட்டி தொட்டால் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். அழற்சி கொண்ட முட்டி புறங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். தேய்மானம் முழங்காலின் உட்பக்கத்தையே அதிகம் தின்பதால் கால் வெளிப்புறமாக வில் போல வளையும். முடக்குவாதம் மூட்டு முழுவதையும் ஒரே சீராக அரிப்பதால் எக்ஸ்-ரேயில் இரு பக்க இடைவெளியும் குறுகியிருக்கும். நாள்பட்டால் சிலருக்கு முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும்படி உள்நோக்கிச் சாயும். அசதி, இளைப்பு, லேசான காய்ச்சல், சோகை ஆகியவையும் சேர்ந்து வரும். இது உடம்பு முழுவதற்குமான நோய். கண் உலரும், நுரையீரலில் தழும்பு விழலாம், மாரடைப்பு வாய்ப்பும் கூடுகிறது.

முழங்காலைக் காட்டிக்கொண்டு வருபவரின் விரல்களை மருத்துவர் ஏன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார் என்று பலர் வியப்பார்கள். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2010இல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தால் முடக்குவாதம். அதில் ஒரு முழங்கால் மட்டும் வீங்கினால் மதிப்பெண் பூஜ்யம். இரண்டு முழங்காலும் வீங்கினாலும் ஒன்றுதான். விரல்களின் அடிக்கணுக்கள், நடுக்கணுக்கள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடி என்று சிறு மூட்டுகள் சேரும்போதுதான் மதிப்பெண் ஏறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நோய் அங்கேதான் முதலில் ஒளிந்திருக்கும். முழங்கால் பின்னால் வந்து சத்தமாகப் பேசும். மோதிரம் இறுக்கமாகிவிட்டதா, மெட்டி ஏறவில்லையா, கை குலுக்கினால் வலிக்கிறதா என்று கேட்பது இதனால்தான்.

ரத்தச் சோதனையில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டும். ஆர்.ஏ. பேக்டர் நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்குத்தான் தென்படும். நோயே இல்லாத முதியவர் சிலருக்கும், மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கும் தென்படுவது உண்டு. அதனால் அந்த ஒரு தாளை வைத்து நோயை உறுதி செய்யவும் கூடாது, இல்லை என்று அனுப்பவும் கூடாது. ஆன்ட்டி-சி.சி.பி. என்ற சோதனை இன்னும் நம்பகமானது. அது பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பம் சிக்குன்குனியா. 2006இல் அது ஊர் ஊராகப் படுக்க வைத்தபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் முழங்காலும் கணுக்காலும் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தவர்கள் எண்ணற்றோர். இன்றும் மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. அந்த வீக்கம் பார்வைக்கு முடக்குவாதத்தை அப்படியே ஒத்திருக்கும். பெரும்பாலோருக்குத் தானே வடியும். காய்ச்சல் முடிந்து மூன்று மாதம் ஆகியும் வடியாவிட்டால் சிறப்பு மருத்துவரிடம் போவது நல்லது. ஒரே ஒரு முழங்கால் மட்டும் மாதக்கணக்கில் வீங்கி, உடம்பும் இளைத்துக்கொண்டே போனால், நம் நாட்டில் மூட்டுக் காசநோயை விலக்கிப் பார்க்காமல் விடக் கூடாது. அதற்கு மூட்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூட்டு நீர் சொல்லும் செய்தி நிறைய. நல்ல முழங்காலில் இருப்பது சில மில்லி லிட்டர்தான். வெளிர் மஞ்சளாக, ஊடுருவித் தெரியும். ஊசியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை விட்டால் முட்டையின் வெள்ளைக்கரு போல நீண்ட இழையாக இறங்கும். முடக்குவாத முழங்காலில் எடுத்த நீர் கலங்கியிருக்கும், இழை ஓடாது, தண்ணீராகச் சொட்டும். அழற்சிப் பொருள்கள் அதன் வழவழப்பை அறுத்துவிட்டதன் அடையாளம் அது. நாற்பது ஐம்பது மில்லி வரை எடுத்துவிட்டால் அந்த நிமிடமே முட்டி இலேசாகும். “நீர் எடுத்தால் மறுபடி மறுபடி எடுக்க வேண்டிவரும்” என்ற அச்சம் பரவலாக உண்டு. மறுபடி நீர் சேர்வது எடுத்ததால் அல்ல. உள்ளே அழற்சி அடங்காததால்.

நோய் கையையும் காலையும் என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலையில் இருப்பது எட்டயபுரம். அதன் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு நெடுநாள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. விரல்கள் கோணிக்கொண்டு நிலைத்துவிட்டன. பிரசவம் பார்க்க அந்தக் கைகள் உதவாது என்றானபின் கண் மருத்துவம் படித்தார். தன் விரலுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, அந்தக் கோணல் விரல்களாலேயே வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 2006இல் மறைந்தார்.

அவருடைய மன உறுதியைப் போற்றும்போது ஒரு காலக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு தலைமுறை முன்னே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகள் 1940களில் அவருடைய குழுவில்தான் உருவாயின. அவற்றில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுக்காகப் பிறந்த மருந்து அது. வெங்கடசாமி ராணுவத்தை விட்ட அதே 1948இல் சுப்பாராவ் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார். படுத்துக் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் அதற்குப் பிறகுதான் உலகுக்குப் புரிந்தன. சுப்பாராவ் குழுவின் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குத் தரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் ஒப்புதல் தந்தது 1988இல். வெங்கடசாமியின் விரல்கள் கோணியபோது இந்த நோய்க்குக் கிடைக்காத மருந்து, இன்று காரியாபட்டி மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. அதைத் தொடங்குவதற்கு ஒருவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது என்றால், அது மருத்துவத்தின் குறை அல்ல. நோய்க்குச் சரியான பெயர் வைக்கத் தாமதமானதன் குறை.

நோய் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இத்தகைய மருந்தைத் தொடங்கிவிட்டால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. வலியைக் குறைப்பது வேறு, நோயை அடக்குவது வேறு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வலியை மறைக்கும். சவ்வு எலும்பைக் குடைவதை நிறுத்தாது. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனோமைடு ஆகியவை நோயையே அடக்குபவை. இவற்றில் மெத்தோட்ரெக்சேட்தான் முதல் தேர்வு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் சாப்பிட்டும் வலி போகவில்லை என்று நிறுத்துவோர் பலர். அந்த இடைவெளியைத் தாண்ட மருத்துவர் குறைந்த அளவு ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்குச் சேர்த்துத் தருவார்.

மெத்தோட்ரெக்சேட்டில் ஒரு விதியை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாய் முழுவதும் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை வேலை நிறுத்தும், ரத்த அணுக்கள் சரியும். மருந்துக் கடையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் பழக்கத்தில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று அட்டையில் எழுதிவிட்டால் அதுவே போதும், விபரீதம் நடக்க. பக்கவிளைவைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் தருவார்கள். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள் என்பதால் மாறிப்போக வாய்ப்பு உண்டு. தனித்தனி டப்பாவில் வைப்பதே பாதுகாப்பு. ஊரின் வாரச் சந்தை நாளையோ, கோயிலுக்குப் போகும் கிழமையையோ மாத்திரை நாளாக வைத்துக்கொண்டு, தினசரிக் காலண்டரில் அந்தத் தாள்களை முன்கூட்டியே வட்டமிட்டு வைப்பவர்கள் தவறுவதில்லை. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறையும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் வேண்டும். மது கூடாது. சளி, சிறுநீர்த் தொற்றுக்காகச் செப்ட்ரான் வகை மாத்திரையை யாராவது எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். காய்ச்சல் அடித்தால் அந்த வார மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் இதை இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் கருவுக்குக் கேடு. கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்பே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் கர்ப்ப காலத்திலும் தரக்கூடியவை. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தானே அடங்கி, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மீண்டும் கிளம்பும். அந்த நேரத்தில் தாய் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மருந்து தொடர்கிறதா என்று கவனிக்க ஆள் வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்டநாள் சாப்பிடுபவர்கள் விழித்திரைச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த மருந்துகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நோய் அடங்காவிட்டால் அடுத்த படி உண்டு. டி.என்.எஃப். புரதத்தைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1990களின் தொடக்கத்தில் லண்டனில் காட்டியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். அதிலிருந்து பிறந்த உயிரியல் ஊசிகள் விலை கூடியவை. 2014 முதல் அடாலிமுமாப் போன்றவற்றுக்கு இந்தியத் தயாரிப்புகள் வந்தபின் ஓரளவு இறங்கியிருக்கிறது. டோஃபாசிட்டினிப் மாத்திரை இன்னும் எட்டும் விலையில் கிடைக்கிறது. எதைத் தொடங்கும் முன்பும் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்த்தாக வேண்டும். இந்த மருந்துகள் உறங்கும் காசத்தை எழுப்பிவிடக் கூடியவை.

வலி மாத்திரையைப் பற்றிக் கரிசல் காட்டில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் களையெடுத்துவிட்டு, வலிக்குத் தினம் இரண்டு மாத்திரை போடுவது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். இரைப்பையில் புண் வந்து மலம் கறுத்துப் போவதும் உண்டு. அதைவிட மோசமானது ஸ்டீராய்டைத் தெரியாமலே சாப்பிடுவது. பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியோ, ஒரே நாளில் எழுந்து நடக்க வைக்கும் ஊசியோ பெரும்பாலும் அதைத்தான் கொண்டிருக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியாகும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். அப்படிப்பட்ட மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தாமல், அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நொச்சி இலை ஒத்தடமும் முடக்கத்தான் தோசையும் வீட்டில் இருப்பவை, அவற்றால் கேடில்லை. காலை இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். ஆனால் முட்டி வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும்போது சூடு ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டிதான் அப்போது உதவும். வீங்கிய முட்டியை எண்ணெய் விட்டு அழுத்தி நீவுவதும் இழுத்துக் கட்டுவதும் தவறு.

முழங்காலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பலரும் அறியாமல் தாங்களே அதை வரவழைத்துக்கொள்கிறார்கள். நீர் சேர்ந்த முட்டி லேசாக மடங்கிய நிலையில்தான் உள்ளே அழுத்தம் குறைந்து சுகமாக இருக்கும். அதனால் நோயாளி முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பார். வீட்டாரும் அன்போடு எடுத்து வைப்பார்கள். சில வாரங்களில் பின்பக்கத் தசைநாரும் மூட்டுறையும் சுருங்கி, முட்டி அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். பிறகு நேராக நிற்க முடியாது. மடங்கிய காலில் நடக்கத் தொடைத் தசை இரு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும், அந்தத் தசையோ ஏற்கெனவே மெலிந்திருக்கும். தலையணையை எடுத்துவிட்டு, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைப் பாயை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி நிறுத்தி விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வீக்கம் குறைந்ததும் மல்லாந்து படுத்துக் காலை நேராக ஒரு சாண் உயர்த்தி நிறுத்தும் பயிற்சி. இவ்வளவுதான், கருவி எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் இருக்கிறது. நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டார் அதைக் கிராமச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம்.

மருந்தால் மற்ற மூட்டுகள் அடங்கி ஒரு முழங்கால் மட்டும் முரண்டு பிடித்தால், நீரை எடுத்துவிட்டு உள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது உண்டு. ஒன்றிரண்டு நாள் காலுக்கு ஓய்வு தர வேண்டும். ஒரே முட்டியில் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் மாத்திரையைத் திருத்த வேண்டும் என்று பொருள்.

வேலையை அடியோடு விடச் சொல்வது இந்த வட்டாரத்தில் நடக்கிற காரியமல்ல. செய்கிற விதத்தை மாற்றலாம். வீக்கம் உள்ள நாளில் குத்தவைக்கும் வேலையைத் தவிர்த்து நின்று செய்கிற வேலையை எடுத்துக்கொள்வது, சம்மணம் போடாமல் ஸ்டூலில் உட்காருவது, காய் நறுக்க அரிவாள்மனைக்குப் பதில் மேசையும் கத்தியும், கழிப்பறையில் மேற்கத்திய இருக்கையோ அதற்கென விற்கும் நாற்காலியோ, வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் கம்பு. சாப்பாட்டில் விலக்க வேண்டியது எதுவும் கிடையாது. வாய்வு என்று சொல்லிப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் ஏற்கெனவே உள்ள சோகை கூடும். குதிரைவாலி, சோளம், கேழ்வரகு, கீரை, பால் எல்லாம் நல்லவை. உடல் எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் முட்டிக்கு அது பெரிய உபகாரம்.

சில நேரங்களில் காத்திருக்கக் கூடாது. ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, அசைக்கவே முடியாமல் காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு இது எளிதில் வரும். அன்றே மருத்துவமனை சேர வேண்டும், ஒரு நாள் தாமதமும் குருத்தெலும்பை அழிக்கும். முட்டியின் பின்பக்கக் குழியில் எலுமிச்சை அளவு கட்டி இருந்து, திடீரென்று ஆடுசதை வீங்கி வலித்தால் அந்த நீர்ப்பை வெடித்திருக்கலாம். காலில் ரத்தம் உறைந்தாலும் இதே அடையாளம்தான் என்பதால் ஸ்கேன் பார்த்துப் பிரித்தறிய வேண்டும்.

காரியாபட்டி அரசு மருத்துவமனையில் முதற்கட்டச் சோதனை முடிந்தபின் போக வேண்டிய இடம் மூட்டுவாதத்துக்கான தனிப் பிரிவு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அது இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். விருதுநகரில் 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவுதான். முட்டி என்றதும் எலும்பு டாக்டரிடம் வரிசையில் நிற்பது வழக்கம். எலும்பு டாக்டரின் கை தேவைப்படுவது இந்த நோயின் கடைசிக் கட்டத்தில். தொடக்கத்தில் வேண்டியவர் ருமட்டாலஜி மருத்துவர். சீட்டுப் போடும் இடத்திலேயே அந்தப் பிரிவைக் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம்.

குருத்தெலும்பு முழுக்க அரிக்கப்பட்டு, இரவிலும் வலித்து, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாமல் போனவருக்கு மூட்டு மாற்று அறுவை உண்மையான விடுதலை. 1970களில் முழங்கால் மாற்று வடிவம் பெற்ற காலத்தில் அதை ஏற்றுக்கொண்டவர்களில் பெரும் பங்கினர் முடக்குவாத நோயாளிகளே. இன்று மருந்து முன்னேறியதால் அவர்கள் பங்கு குறைந்து, தேய்மான நோயாளிகள் பங்கு கூடிவிட்டது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்துகொள்ள வழி உண்டு. முடக்குவாத நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் கழுத்தை எக்ஸ்-ரே எடுப்பார்கள். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைநாரையும் இந்த நோய் தளர்த்தியிருக்கக் கூடும். கவனியாமல் தலையைச் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கும். உயிரியல் ஊசிகளை அறுவைக்கு முன் நிறுத்தி, புண் ஆறிய பின் தொடங்குவார்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டியதில்லை. மாற்றிய மூட்டு பெரும்பாலோருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். அதைக்கொண்டு நடக்கலாம், படியேறலாம், பஸ் ஏறலாம். குத்தவைத்து உட்காருவது மட்டும் கூடாது. மற்ற மூட்டுகளுக்கான வார மாத்திரையும் மூன்று மாதச் சோதனையும் அறுவைக்குப் பிறகும் அப்படியே தொடரும்.